நேரில் வரும் உரிமை கைதியுடையது

மாண்புமிகு சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி அவர்களுக்கும், மாண்புமிகு தமிழ்நாடு முதலமைச்சர் அவர்களுக்கும்,



சிறையில் இருக்கும் விசாரணைக் கைதிகளைக் காணொலி வழியாக நீதிமன்றத்தில் ஆஜர்படுத்தும் நடைமுறை பற்றி இந்த மடலை எழுதுகிறேன். தங்கள் இருவருக்கும் சேர்த்து எழுதக் காரணம் உண்டு. சிறையும் வழிக்காவலும் அரசின் பொறுப்பு. காணொலி விசாரணைக்கான விதிகளும் கீழமை நீதிமன்றங்களின் மீதான மேற்பார்வையும் உயர் நீதிமன்றத்தின் பொறுப்பு. ஒரு பக்கம் கேட்டால் மறுபக்கத்தைக் காட்டுகிறார்கள். இடையில் சிக்கிக்கொண்டிருப்பவர் கைதி. குற்றவியல் வழக்கறிஞராகத் தொழில் செய்யும் நான், அவருக்காக வாதாடுகிறவன் என்ற முறையில் இதைச் சொல்லக் கடமைப்பட்டவன்.

இன்று ரிமாண்ட் நீட்டிப்பு எப்படி நடக்கிறது? புழலிலோ பாளையங்கோட்டையிலோ சிறைக்குள் ஓர் அறை. ஒரு கணினி, ஒரு கேமரா. வெளியே கைதிகள் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். பெயர் கூப்பிட்டதும் ஒருவர் உள்ளே போவார். பக்கத்தில் சிறைக் காவலர் நிற்பார். மறுமுனையில் நீதித்துறை நடுவர் வேறு கோப்புகளுக்கு நடுவே நிமிர்ந்து பார்ப்பார். பெயர் சரிபார்க்கப்படும், அடுத்த வாய்தா தேதி சொல்லப்படும், அடுத்தவர் வருவார். பல நாட்களில் ஒருவருக்கு ஒரு நிமிடம்கூட ஆவதில்லை. வழக்கறிஞர் இருக்க வேண்டும் என்பது நடைமுறையில் எதிர்பார்ப்பாகவே நின்றுவிடுகிறது. அந்த ஒரு நிமிடத்தில் ஒரு மனிதரின் சுதந்திரம் மேலும் பதினைந்து நாட்களுக்குப் பறிபோகிறது.

இந்த மனிதர்கள் யார்? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேர் இன்னும் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்படாதவர்கள். சட்டத்தின் கண்ணில் இன்றுவரை நிரபராதிகள். இவர்களில் பெரும்பாலோருக்குத் தீர்ப்பு நாள் எப்போது வரும் என்றே தெரியாது. இருப்பது வாய்தா நாள் மட்டும்தான்.

காணொலியை நான் எதிர்க்கவில்லை. அது வந்ததற்கு நியாயமான காரணங்கள் உண்டு. வழிக்காவலுக்கு ஆயுதப்படைக் காவலர் கிடைக்கவில்லை என்று சொல்லி ஆஜர்படுத்தப்படாமல் போன வாய்தாக்கள் எத்தனையோ. பாளையங்கோட்டையிலிருந்து நாகர்கோவில் நீதிமன்றத்துக்கு 80 கிலோமீட்டர் வேனில் வந்து, நடுவர் விடுப்பு என்று கேட்டுத் திரும்பிய கைதிகள் உண்டு. கர்ப்பிணிக்கும், சிறுநீரக நோயாளிக்கும், எழுபது வயதைக் கடந்தவருக்கும் அந்த வேன் பயணமே ஒரு தண்டனை. வழியில் எதிரிகளின் தாக்குதலுக்கு அஞ்சும் கைதிகளும் உண்டு. இவர்களுக்குக் காணொலி பெரிய உதவி. 2003-இல் டாக்டர் பிரஃபுல் தேசாய் வழக்கில் காணொலி வழிச் சாட்சியத்தை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதும், பின்னர் மின் நீதிமன்றத் திட்டம் நாடெங்கும் 3,240 நீதிமன்ற வளாகங்களையும் 1,272 சிறைகளையும் காணொலியால் இணைத்ததும் முன்னேற்றங்களே.

என் முறையீடு வேறு. கைதிக்கு உதவியாக வந்த ஒன்று, கைதியைக் கேட்காமலே அவருடைய உரிமையின் இடத்தைப் பிடித்துவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது? கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 22ஆவது உறுப்பு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 167ஆவது பிரிவு 2008-இன் திருத்தத்தால் மாற்றப்பட்டது. போலீஸ் காவலில் இருக்கும்வரை ஒவ்வொரு முறையும் நேரில் நிறுத்த வேண்டும். நீதிமன்றக் காவலை நீட்டிக்கும்போது மட்டும் நேரிலோ காணொலியிலோ நிறுத்தலாம் என்று ஆனது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 187ஆவது பிரிவு இதையே தொடர்கிறது. இரண்டு வழிகளில் எது என்பதை யார் தேர்ந்தெடுப்பது? சட்டம் சொல்லவில்லை. நடைமுறையில் அதைத் தீர்மானிப்பது வேன் இருக்கிறதா, வழிக்காவலுக்கு ஆள் இருக்கிறதா என்ற கணக்கு. கைதியிடமோ அவருடைய வழக்கறிஞரிடமோ ஒரு வார்த்தை கேட்பதில்லை.

நேரில் நிறுத்துவது எதற்காக என்பதை நாம் மறந்துவிட்டோம் என்று அஞ்சுகிறேன். அது ஆளை அடையாளம் பார்ப்பதற்காக ஏற்பட்டதல்ல. காவலில் வைத்திருப்பவர்களின் கையிலிருந்து ஒரு மனிதர் சிறிது நேரமாவது விலகி, அவர்களுக்குக் கட்டுப்படாத ஓர் அதிகாரியின் முன் நின்று பேசுவதற்காக ஏற்பட்டது. ஷீலா பார்சே வழக்கில் 1983-இலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: தன் முன் நிறுத்தப்படுபவரிடம், காவலில் சித்திரவதைக்கோ கொடுமைக்கோ ஆளானாயா என்று நடுவர் கேட்க வேண்டும், மருத்துவப் பரிசோதனை கோரும் உரிமை உண்டு என்பதையும் தெரிவிக்க வேண்டும். நடுவர் அந்தக் கேள்வியைக் கேட்கும்போது, பதில் சொல்ல வேண்டியவர் யாருக்கும் அஞ்சாத இடத்தில் நிற்க வேண்டும். சிறைக்குள், சிறைக் காவலர் தோளுரசி நிற்க, அதே சிறையில் தன்னை அடித்தார்கள் என்று எந்தக் கைதி சொல்வார்? சொன்னபின் அவர் திரும்பிப் போவது எங்கே? அதே காவலர் திறந்துவிடும் அதே அறைக்கு.

கேமரா முகத்தைக் காட்டும். நொண்டி நடப்பதைக் காட்டாது. சட்டைக்குள் இருக்கும் காயத்தையும், வீங்கிய பாதத்தையும், கை நடுக்கத்தையும் காட்டாது. ஆதார் அட்டையில்லாமல் பத்தொன்பது வயது என்று எழுதிக் கொண்டுவரப்பட்ட பையனுக்கு மீசை அரும்பவில்லை என்பதை, மங்கிய திரையில் பார்க்கும் நடுவர் கவனிப்பாரா? இளைஞர் நீதிச் சட்டம் வயதை முதலில் தோற்றத்தைப் பார்த்தே கணிக்கச் சொல்கிறது. பார்க்க முடியாத இடத்தில் ஐயம் எப்படி வரும்?

சாத்தான்குளம் நம் எல்லோர் நினைவிலும் இருக்கிறது. 2020 ஜூன் 19 அன்று கைது செய்யப்பட்ட ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் மறுநாள் ரிமாண்ட் செய்யப்பட்டுக் கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். 22ஆம் தேதி இரவு மகன் இறந்தார், 23ஆம் தேதி தந்தை இறந்தார். அவர்களுடைய மரணம் தொடர்பாக ஒன்பது காவலர்கள் மீது சிபிஐ குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. ரிமாண்ட் செய்த நேரத்தில் அவர்களை யாரும் அருகில் அழைத்துப் பார்க்கவில்லை, காயத்தைப் பற்றிக் கேட்கவில்லை என்ற குற்றச்சாட்டு அன்றே எழுந்தது. நேரில் கொண்டுவரப்பட்டவர்களுக்கே இந்தக் கதி என்றால் காணொலியை மட்டும் குறை சொல்வது ஏன் என்று சிலர் கேட்கக்கூடும். நான் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும் பாடம் நேர்மாறானது. ஒரு நடுவரின் கூர்ந்த பார்வை இரண்டு உயிர்களைக் காப்பாற்றியிருக்கக்கூடும். அந்தப் பார்வையை வலுப்படுத்த வேண்டிய நேரத்தில் அதை இன்னும் தொலைவுக்குத் தள்ளுகிறோம்.

வழக்கறிஞரின் நிலையையும் சொல்ல வேண்டும். கைதி நீதிமன்றத்துக்கு வந்தால், வராந்தாவில் ஐந்து நிமிடமாவது அவரோடு பேச முடியும். எந்த ஆவணம் வேண்டும், ஜாமீன்தாரர் யார், சாட்சி யார் என்று கேட்டுக்கொள்ள முடியும். வாதம் நடக்கும்போது அவர் சைகை காட்டினால் போய்க் கேட்க முடியும். காணொலியில் வழக்கறிஞர் நீதிமன்றத்தில், கட்சிக்காரர் சிறையில். இருவரும் பேசுவதை நடுவரும் அரசு வழக்கறிஞரும் சிறைக் காவலரும் சேர்ந்து கேட்கிறார்கள். ரகசியம் காக்கப்படாத இடத்தில் எந்தக் கைதி தன் வழக்கறிஞரிடம் மனம் திறப்பார்? சட்டப் பணிகள் ஆணைக்குழு நியமித்த வழக்கறிஞராக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். பல கைதிகள் அவர் முகத்தையே முதலில் திரையில்தான் பார்க்கிறார்கள்.

ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்கு இப்படி ஒரு வழக்கு போனது. சக்னோவ்ஸ்கி என்ற ரஷ்யக் கைதி நோவோசிபிர்ஸ்க்கில் இருந்தார். அவருடைய மேல்முறையீடு 3,000 கிலோமீட்டருக்கு அப்பால் மாஸ்கோவில். புதிதாக நியமிக்கப்பட்ட வழக்கறிஞரோடு காணொலியில் பேச அவருக்குக் கொடுத்தது 15 நிமிடம். அது போதாது, அரசின் கருவி வழியாகப் பேசுவதில் ரகசியமும் உறுதி இல்லை, நியாயமான விசாரணை உரிமை மீறப்பட்டது என்று அந்த நீதிமன்றத்தின் பேரமர்வு 2010-இல் தீர்ப்பளித்தது. நம் கைதிகளில் பலருக்கு அந்த 15 நிமிடமும் கிடைப்பதில்லை.

திரை நீதிபதியின் மனத்தையும் பாதிக்கிறது. சிகாகோ நகரம் இருக்கும் குக் மாவட்டத்தில் 1999-இல் ஜாமீன் விசாரணைகளைக் காணொலிக்கு மாற்றினார்கள். கொலை, பாலியல் வன்முறை போன்ற சில வழக்குகள் மட்டும் நேரடி விசாரணையிலேயே தொடர்ந்தன. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ஷாரி டயமண்டும் உடன் ஆய்வாளர்களும் பல ஆண்டு ஆவணங்களை ஒப்பிட்டு 2010-இல் ஆய்வு வெளியிட்டார்கள். காணொலிக்கு மாறிய வழக்குகளில் சராசரி ஜாமீன் தொகை 51 சதவீதம் உயர்ந்திருந்தது. நேரடி விசாரணை தொடர்ந்த வழக்குகளில் அப்படி உயரவில்லை. இதை எதிர்த்து வழக்கு தொடரப்பட்டபின் 2008 இறுதியில் அந்த மாவட்டம் நேரடி விசாரணைக்கே திரும்பியது. இங்கிலாந்தில் லண்டனிலும் கென்ட்டிலும் காவல் நிலையத்திலிருந்து காணொலியில் விசாரிக்கும் முன்னோட்டத் திட்டம் நடந்தது. அதை மதிப்பிட்ட அரசின் சொந்த அறிக்கையே குற்றத்தை ஒப்புக்கொள்வோர் விகிதமும் சிறைத் தண்டனை விகிதமும் கூடுதலாக இருந்ததைப் பதிவு செய்தது. செலவு மிச்சமாகும் என்று தொடங்கிய திட்டம், மிச்சப்படுத்தியதைவிட அதிகம் செலவழித்தது என்றும் சொன்னது.

சிங்கப்பூரில் 2020 மே மாதம் மலேசியர் ஒருவருக்கு ஜூம் செயலி வழியாக மரண தண்டனை விதிக்கப்பட்டது. உலகம் அதிர்ந்தது. 2022 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. காணொலியால்தான் அவருக்குத் தண்டனை கிடைத்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் உயிரைப் பறிக்கும் ஒரு தீர்ப்பை நேருக்கு நேர் நின்று சொல்லும் பொறுப்பிலிருந்து எந்த நீதிமன்றமும் தப்பக் கூடாது.

ரிமாண்ட் நீட்டிப்புக்கே திரும்புகிறேன். குற்றப்பத்திரிகை குறித்த நாளில் தாக்கலாகாவிட்டால் 60 அல்லது 90 நாளில் ஜாமீன் பெறும் உரிமை கைதிக்கு உண்டு. அதைக் கேட்டால்தான் கிடைக்கும். கேட்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். 2022-இல் குஜராத்தைச் சேர்ந்த ஜிகர் வழக்கில், புலன் விசாரணைக்குக் கூடுதல் கால அவகாசம் கொடுக்கும்போது கைதியை நேரிலோ காணொலியிலோ முன்னிறுத்தாமலும் அவருக்குத் தெரிவிக்காமலும் விட்டது அரசமைப்புச் சட்டத்தின் 21ஆவது உறுப்பை மீறுவது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு காணொலியையும் போதுமானதாக ஏற்கிறது. உண்மை. ஆனால் பெயர் கேட்டு, தேதி சொல்லி முடியும் ஒரு நிமிடத்தில் யார் யாருக்கு எதைத் தெரிவிக்கிறார்கள்?

கைதியின் குடும்பத்தை எந்தச் சட்டப் பிரிவும் குறிப்பிடுவதில்லை. நீதிமன்ற வராந்தாவை அறிந்தவர்கள் எல்லோரும் அவர்களை அறிவார்கள். வாய்தா நாளன்று காலை எட்டு மணிக்கே வந்து, வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் அம்மா. கைக்குழந்தையோடு மனைவி. மனு போட்டுச் சிறையில் பார்ப்பதற்கு ஒரு நாள் கூலியும் பேருந்துக் காசும் போகும். அங்கே கம்பிக்கும் கண்ணாடிக்கும் அப்பால், கூச்சலுக்கு நடுவில் பேச வேண்டும். நீதிமன்றத்தில் அவர் நடந்து வருவதைப் பார்க்கலாம். குழந்தையைத் தூக்கிக் காட்டலாம். காணொலி வந்தபின் அந்த அம்மாவுக்குக் கிடைப்பது டவாலி சொல்லும் அடுத்த தேதி மட்டும். நிரபராதி என்று சட்டம் கருதும் ஒருவரிடமிருந்து இதையும் பறிக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

இப்போது நான் அவசரமாக எழுதக் காரணம் புதிய சட்டம். ரிமாண்ட் நீட்டிப்போடு இது நிற்கப்போவதில்லை. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 251ஆவது பிரிவு குற்றச்சாட்டு வனைவதையும் காணொலியில் செய்ய வழிவிடுகிறது. 530ஆவது பிரிவு விசாரணைகள், நடவடிக்கைகள் எல்லாவற்றையும் மின்னணு முறையில் நடத்தலாம் என்கிறது. மின் நீதிமன்றத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு 2023-இல் 7,210 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. கருவிகள் வரும். அவற்றைப் பயன்படுத்தும் பழக்கமும் வரும். கொரோனா காலத்தில், 2020 ஏப்ரல் 6 அன்று, இரு தரப்பும் ஒப்புக்கொள்ளாமல் காணொலியில் சாட்சியம் பதிவு செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நோய்த்தொற்று நாடு முழுவதையும் முடக்கியிருந்த நாளிலேயே ஒப்புதலை அது விடவில்லை. அதே ஆண்டு உச்ச நீதிமன்றத்தின் மின்னணுக் குழு தயாரித்த மாதிரி விதிகளும், முதல் ரிமாண்டைச் சாதாரணமாகக் காணொலியில் செய்யக் கூடாது என்றன. ஆனால் அதே மாதிரி விதிகள், சிறை முனையின் ஒருங்கிணைப்பாளராகச் சிறைக் கண்காணிப்பாளரையே வைக்கின்றன. குறை அங்கேதான் இருக்கிறது.

ஆகவே தங்கள் இருவரிடமும் நான் வேண்டுவன இவை:

1. நேரில் வருவதா, காணொலியில் வருவதா என்பதைக் கைதியே தேர்ந்தெடுக்க வேண்டும். வழக்கறிஞரோடு கலந்து பேசியபின் அவர் எழுத்தில் தரும் ஒப்புதல் இல்லாமல் காணொலி கூடாது. அந்த ஒப்புதலை எந்த வாய்தாவிலும் அவர் திரும்பப் பெறலாம்.

2. முதல் ரிமாண்டும் போலீஸ் காவல் கோரும் மனுவும் விதிவிலக்கின்றி நேரில் நடக்க வேண்டும். குற்றச்சாட்டு வனைதல், சாட்சி விசாரணை, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 351ஆவது பிரிவின் கீழ் கைதியிடம் கேள்வி கேட்டல், தீர்ப்பு ஆகியவை கைதியே வேறுவிதமாகக் கேட்டாலொழிய நேரில் நடக்க வேண்டும்.

3. காணொலியை ஒப்புக்கொண்டவரையும் மாதம் ஒரு முறையாவது நடுவர் நேரில் பார்க்க வேண்டும். அதற்கான வேனும் வழிக்காவலும் தருவது அரசின் கடமை. வழிக்காவலுக்கெனத் தனிப் பிரிவு இருந்தால், பாதுகாப்புப் பணி வந்தது, ஆள் இல்லை என்ற பேச்சு எழாது.

4. சிறையின் காணொலி அறையை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் பொறுப்பில் விட வேண்டும். கைதி பேசும்போது சிறைக் காவலர் காது கேட்கும் தொலைவில் நிற்கக் கூடாது. அறை முழுவதையும் நடுவர் பார்க்கும்படி கேமரா இருக்க வேண்டும்.

5. விசாரணைக்கு முன்னும் நடுவிலும் வழக்கறிஞரோடு தனியே பேச ரகசிய இணைப்பு வேண்டும். வழக்கறிஞர் இல்லாமல் எந்த ரிமாண்டும் நீட்டிக்கப்படக் கூடாது.

6. உன்னை யாராவது அடித்தார்களா, உடல்நிலை எப்படி, நான் பேசுவது கேட்கிறதா, உன் வழக்கறிஞர் யார், உனக்கு ஜாமீன் உரிமை எந்த நாளில் வருகிறது என்று தெரியுமா என்னும் கேள்விகளை நடுவர் ஒவ்வொரு முறையும் கேட்டு, பதிலை ஆணையிலேயே எழுத வேண்டும். புகார் வந்தால் 24 மணி நேரத்துக்குள் அவரை நேரில் வரவழைக்க வேண்டும்.

7. இணைப்பு அறுந்துபோனால் அதை ஆஜராகக் கணக்கிடக் கூடாது. அன்றோ மறுநாளோ நேரில் நிறுத்த வேண்டும்.

8. ஒவ்வொரு சிறையிலும் எத்தனை பேர் நேரில் வந்தார்கள், எத்தனை பேர் காணொலியில் வந்தார்கள், எத்தனை பேர் எதிலும் வரவில்லை என்ற கணக்கை மாதந்தோறும் வெளியிட வேண்டும்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் புதிய சட்டம் தேவையில்லை. உயர் நீதிமன்றம் தன் காணொலி விதிகளில் சில வரிகளைத் திருத்தினால் போதும். அரசு ஓர் அரசாணை வெளியிட்டு, அதற்கான நிதியை ஒதுக்கினால் போதும். செலவாகும் என்பது எனக்குத் தெரியும். ஒருவரைக் குற்றம் நிரூபிக்கும் முன்பே அடைத்து வைக்கும் அதிகாரத்தை அரசு எடுத்துக்கொள்ளும்போதே, அவரை நீதிமன்றத்துக்குக் கூட்டிவரும் செலவையும் அது ஏற்றுக்கொண்டுவிட்டது. அந்தச் செலவைக் கைதியின் உரிமையிலிருந்து கழிக்க முடியாது.

1979-இல் ஹுசைனாரா காத்தூன் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, பீகார் சிறைகளில் பலர் தங்கள் மீதான குற்றத்துக்குரிய தண்டனைக் காலத்தைவிட அதிக நாட்கள் விசாரணையே இல்லாமல் கிடந்தது நாட்டுக்குத் தெரியவந்தது. அவர்களை யாரும் பார்க்கவில்லை என்பதே அதற்குக் காரணம். விரைவான விசாரணை அடிப்படை உரிமை என்று அன்று அந்த நீதிமன்றம் சொன்னதிலிருந்து நாம் வெகுதூரம் வந்திருக்கிறோம். கைதிகள் மீண்டும் நீதிமன்றத்தின் பார்வைக்கு வெளியே போய்விட இடம் கொடுத்துவிடாதீர்கள்.

ஒரு கைதி நீதிமன்றத்தில் நிற்பது அரசு அவருக்குச் செய்யும் சலுகையல்ல. அது அவருடைய உரிமை. அதை விட்டுக்கொடுக்கவும் அவர் ஒருவரால்தான் முடியும். அடுத்த வாய்தாவுக்கு முன் அந்தக் கேள்வியை அவரிடம் கேட்க உத்தரவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஒரு குற்றவியல் வழக்கறிஞர்